கட்டட முதலாளி கரண்டு விற்கலாமா?

கேட்கப்பட்டது இரண்டு விஷயம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் டியூஷன் சென்டர் நடத்தும் தம்பி ஒருவர். கட்டடம் முழுவதற்கும் மின் நிறுவனமான தெனாகா நேஷனலின் மீட்டர் ஒன்றே ஒன்று. முதலாளி மாடிக்கு ஒரு சின்ன மீட்டர் தானே மாட்டி, யூனிட்டுக்கு 70 சென் என்று மாதாமாதம் பில் எழுதிக் கொடுக்கிறார். "தெனாகாவிடமே நேராக வாங்கிக்கொள்கிறேன்" என்றால், "இந்தக் கட்டடத்தில் கரண்டு கொடுக்கும் உரிமை என்னுடையது" என்று பதில் வருகிறதாம். அப்படி ஓர் உரிமை உண்டா என்பது முதல் கேள்வி. பினாங்கில் ஜெலுத்தோங்கில் இருக்கும் அவருடைய அண்ணன் வீட்டுக் கூரையில் சோலார் போட்டிருக்கிறார். மிஞ்சும் மின்சாரத்தைப் பக்கத்து வீட்டுக்கு வயர் இழுத்துக் கொடுத்துக் காசு வாங்கலாமா என்பது இரண்டாவது.

இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. கட்டடம் சொந்தம் என்பதாலோ, கூரை சொந்தம் என்பதாலோ, பேனல் சொந்தம் என்பதாலோ இன்னொருவருக்கு மின்சாரம் கொடுக்கும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. தீபகற்ப மலேசியாவில் அந்த உரிமை உரிமத்திலிருந்து மட்டுமே வருகிறது. 1990-ஆம் ஆண்டு மின் விநியோகச் சட்டத்தின், அதாவது சட்டம் 447-இன், 9-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது: விதிகளில் விலக்கு அளிக்கப்பட்டிருந்தால் ஒழிய, உரிமம் இல்லாமல் எவரும் மின் நிறுவல் எதையும் இயக்கக்கூடாது, அந்த நிறுவலிலிருந்து வேறொருவருக்கோ, வேறொருவரின் பயன்பாட்டுக்கோ மின்சாரம் கொடுக்கவும் கூடாது. மீறினால் அது குற்றம். உரிமம் கொடுப்பது எரிசக்தி ஆணையம், சுருஹான்ஜெயா தெனாகா. அதற்கு அமைச்சரின் ஒப்புதலும் வேண்டும்.

அந்தப் பிரிவில் லாபம் என்ற பேச்சே கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். காசுக்குக் கொடுத்தாலும் சும்மா கொடுத்தாலும், கொடுப்பது கொடுப்பதுதான். ஆகவே, "நான் விற்கவில்லை, வந்த பில்லைப் பங்கு போடுகிறேன், அவ்வளவுதான்" என்று முதலாளிகள் சொல்லும் வழக்கமான சமாதானம், சட்டத்தின் எழுத்தை வைத்துப் பார்த்தால் அவ்வளவு பலமானதல்ல. அதேசமயம் நடைமுறையையும் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் மூன்று அறைகளை வாடகைக்கு விட்டு, தெனாகா பில்லை மேசையில் வைத்து மூன்றாக வகுப்பவரும், சொந்த மீட்டர் மாட்டி, சொந்த விலை வைத்து, ரசீது கொடுப்பவரும் ஒன்றல்ல. முன்னவர் ஒரு வாடிக்கையாளர். தன் செலவைக் கூட இருப்பவர்களோடு பகிர்ந்துகொள்கிறார். பின்னவர் ஒரு சின்ன மின் நிறுவனத்தையே நடத்துகிறார், உரிமம் மட்டும் இல்லை. தம்பியின் முதலாளி இரண்டாவது வகை. 70 சென் என்ற எண் தெனாகாவின் பில்லிலிருந்து வரவில்லை, அவர் வாயிலிருந்து வந்திருக்கிறது.

ஆனால் ஒரு நிமிடம். அவரிடம் உரிமம் இருக்கவும் கூடும். கோலாலம்பூரில் தெனாகாவைத் தவிர வேறு யாரும் கரண்டு கொடுப்பதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் நின்றுகொண்டு அப்படி நினைப்பது கொஞ்சம் வேடிக்கைதான். ஜாலான் துன் சம்பந்தனின் கடைவரிசைக்கு வருவது தெனாகாவின் மின்சாரம். சாலையைத் தாண்டி கேஎல் சென்ட்ரலுக்குள் நுழைந்தால், அங்கே கட்டடங்களுக்கு மின்சாரத்தையும் குளிர்சாதனத்துக்கான குளிர்நீரையும் விநியோகிப்பது மாலகோஃப் யூட்டிலிட்டீஸ். அங்கிருந்து சற்றுத் தள்ளி மிட் வேலி சிட்டியில் அந்த வளாகத்துக்கென்றே ஒரு மின் விநியோக நிறுவனம் இருக்கிறது. பினாங்கிலிருந்து பாலம் தாண்டி கெடா பக்கம் கூலிம் ஹைடெக் பார்க்கில் வேலை செய்பவர்களைக் கேட்டால் தெரியும்: அங்குள்ள தொழிற்சாலைகளுக்கு நுர் என்ற நிறுவனம் மின்சாரம் விநியோகிக்கிறது. பெரிய பேரங்காடிகள் பலவும் தெனாகாவிடம் உயர் அழுத்தத்தில் மொத்தமாக வாங்கி, உள்ளேயுள்ள கடைகளுக்குக் குறைந்த அழுத்தத்தில் பிரித்துக் கொடுக்கின்றன. மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் அவர்களின் வரும்படி. இது சட்டப்படியான தொழில். உரிமம் வாங்கிச் செய்கிறார்கள்.

உரிமம் என்பது சுவரில் மாட்டிவைக்கும் தாள் மட்டுமல்ல. அதில் இடத்தின் எல்லை இருக்கும், நிபந்தனைகள் இருக்கும், என்ன கட்டணம் வாங்கலாம் என்ற கட்டுப்பாடும் இருக்கும். சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி உரிமம் பெற்றவரின் கட்டணத்துக்கு அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். அதனால் முதலாளிக்கு இரண்டு வழிகளே உண்டு. உரிமம் இருந்தால், அவர் இஷ்டத்துக்கு விலை வைக்க முடியாது. உரிமம் இல்லை என்றால், அவர் விலை பேசும் நிலையிலேயே இல்லை. "உரிமை என்னுடையது, விலையும் என்னுடையது" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒரு வழியும் கிடையாது. இந்தப் பதிலில் ஒரே ஒரு வரியை நினைவில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை ஆதியிலிருந்தே இப்படி இருந்ததில்லை. மலேசியாவில் மின் உற்பத்தியைப் பற்றிய மிகப் பழைய பதிவு ரவாங்கில், 1894-இல். ஈயச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்புகளை ஓட்ட ஜெனரேட்டர் வைத்தவர்கள் இருவர்: லோக் இயூ, தம்புசாமிப் பிள்ளை. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலை எழுப்பிய அதே தம்புசாமிப் பிள்ளைதான். அவர்கள் யாரிடமும் உரிமம் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்பதற்கு அப்போது ஆணையமும் இல்லை. அது சொந்த உபயோகம். இன்னொருவர் வீட்டு விளக்குக்கு வயர் இழுத்துக் காசு வாங்கத் தொடங்கும்போதுதான் ‘யார் கொடுக்கலாம்’ என்ற கேள்வி பிறக்கிறது.

அதன் பிறகு ஊருக்கு ஊர் ஓர் ஆள். ஜார்ஜ்டவுனில் நகராட்சியே மின்சாரம் கொடுத்தது. கோலாலம்பூருக்கு 1905 வாக்கில் கோம்பாக் ஆற்று நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. பேராக்கின் சுரங்கப் பகுதிக்குப் பேராக் ரிவர் ஹைட்ரோ கம்பெனி. வடக்கே பல சிற்றூர்களுக்கு ஹட்டன்பாக் கம்பெனி. 1949 செப்டம்பர் 1-ஆம் தேதி மத்திய மின்சார வாரியம் பிறந்தது. 1965-இல் அது தேசிய மின்சார வாரியம் ஆனது, மலாய்ச் சுருக்கத்தில் எல்.எல்.என்.; வீட்டில் பெரியவர்கள் இன்றைக்கும் "எல்.எல்.என். பில் வந்திச்சா?" என்று கேட்பது அந்த வாரியத்தைத்தான். அதுதான் ஊர் ஊராக இருந்த விநியோகஸ்தர்களை ஒவ்வொருவராக உள்ளே இழுத்தது. ஜார்ஜ்டவுன் மாநகராட்சியின் மின்துறை 1976-இல் வாரியத்துக்குப் போனது, பேராக் ரிவர் கம்பெனி 1982-இல். 1990 செப்டம்பர் 1-ஆம் தேதி வாரியத்தின் சொத்தும் பொறுப்பும் தெனாகா நேஷனலுக்கு மாறின. அதாவது பினாங்குத் தீவில் இன்றைக்கு எழுபதைத் தாண்டியவர்கள் இளமையில் நகராட்சிக்கே கரண்டு பில் கட்டியிருப்பார்கள். கைமாற்றம் எல்லாமே சட்டம் போட்டோ, விலை பேசியோ நடந்து முடிந்தது. விநியோகஸ்தர்கள் இருவர் ஒரே தெருவுக்காக நீதிமன்றத்தில் மல்லுக்கு நிற்கும் கதை நம் ஊரில் வளராமல் போனதற்கு இது ஒரு காரணம்.

இதில் நம் ஆட்களுக்கு மட்டும் ஒரு தனிக் கதை உண்டு: தோட்டம். சாயங்காலம் இஞ்சின் ஓடத் தொடங்கினால் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், விளக்கு எரியும், இரவு இஞ்சினை நிறுத்தினால் எல்லாரும் படுக்க வேண்டியதுதான். தோட்ட நிர்வாகமே அங்கே மின் விநியோகஸ்தர். வாரியத்தின் கம்பி தோட்டத்து எல்லை வரைக்கும் வந்திருக்கும், உள்ளே வராது, ஏனென்றால் அது தனியார் நிலம். தொழிலாளர் குடியிருப்பு வசதிகளுக்கான சட்டம் முதலாளியின் தலையில் தண்ணீரையும் மின்சாரத்தையும் கடமையாக வைத்தது. அதன் எண் 446. மின் விநியோகச் சட்டம் 447, வாரியத்தைத் தெனாகாவுக்கு மாற்றிய சட்டம் 448. மூன்றும் 1990-இல் வந்தவை, அடுத்தடுத்த எண்கள். ஆனால் 446 கொடுக்கும் பாதுகாப்பு வேலை இருக்கும்வரைதான். தோட்டம் கைமாறி, வேலை போய், லயத்தில் மட்டும் குடும்பங்கள் மிஞ்சியிருக்கும்போது மின்சாரம் யார் கொடுக்க வேண்டும்? பழைய முதலாளி ‘இவர்கள் என் ஆட்கள் இல்லை’ என்பார். புதிய நில உரிமையாளர் ‘இவர்கள் அத்துமீறிக் குடியிருப்பவர்கள்’ என்பார். கம்பி இழுக்க நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்ற பதில் வரும். விநியோக உரிமை பற்றிய தகராறு என்றால் நாம் இரண்டு கம்பெனிகள் ஒரு வாடிக்கையாளருக்காக அடித்துக்கொள்வதைக் கற்பனை செய்கிறோம். கொடுக்கும் கடமையை ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிட்டு, குடும்பம் இருட்டில் கிடந்ததுதான் நம்மவர்கள் அதிகம் பார்த்த தகராறு.

கம்பெனிகள் உண்மையிலேயே அடித்துக்கொண்ட இடங்களையும் சொல்கிறேன். நம் சட்டம் எந்தக் கதவுகளை மூடி வைத்திருக்கிறது என்பது அவற்றோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

மும்பையில் டாடா பவர் நூறாண்டுப் பழமையான உரிமங்களை வைத்திருந்தது. முதல் உரிமம் 1907-இல் கிடைத்தது. புறநகரில் வீடுகளுக்கு விநியோகித்து வந்த நிறுவனம் பின்னாளில் ரிலையன்ஸ் கைக்குப் போனது. "டாடா மொத்தமாக விற்கலாம், பெரிய ஆலைகளுக்குக் கொடுக்கலாம், சின்ன வாடிக்கையாளர்கள் எங்களுடையவர்கள்" என்பது ரிலையன்ஸின் வாதம். "எங்கள் உரிமத்தில் அப்படி ஒரு வரம்பு எங்கே எழுதியிருக்கிறது?" என்று டாடா கேட்டது. ஒழுங்குமுறை ஆணையமும் தீர்ப்பாயமும் டாடாவுக்கு எதிராகச் சொன்னதை 2008 ஜூலையில் இந்திய உச்சநீதிமன்றம் மாற்றியது. பழைய உரிமங்களை வரி வரியாகப் படித்து, வீட்டு வாடிக்கையாளர்களுக்கும் நேரடியாகக் கொடுக்க டாடாவுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு புறநகர்க் குடும்பங்கள் பல, ரிலையன்ஸின் கம்பி வழியாகவே டாடாவின் மின்சாரத்தை வாங்கத் தொடங்கின. கம்பிக்கான கட்டணத்தைத் தனியாகக் கட்டினார்கள். உடனே அடுத்த தகராறு கிளம்பியது: நல்ல காசு கட்டுகிற வாடிக்கையாளர்கள் போய்விட்டால், அவர்கள் பணத்தில் சலுகை அனுபவித்த ஏழை வாடிக்கையாளர்களின் செலவை யார் ஏற்பது? தாவுகிறவர்கள் மேல் கூடுதல் கட்டணம் போடலாமா? அதுவும் ஆணையம், தீர்ப்பாயம் என்று ஏறி இறங்கியது. மும்பையில் இது சாத்தியமானதற்குக் காரணம் சட்டம்தான். இந்தியாவின் 2003 மின்சாரச் சட்டம், ஒரே பகுதிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விநியோக உரிமங்களை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து எல்போ லேக் என்ற சின்ன ஊர், ஆட்டர் டெய்ல் என்ற மின் கம்பெனியோடு ஒப்பந்தம் முடிந்ததும், ஊராட்சியே மின்சாரம் விநியோகிக்கட்டும் என்று முடிவெடுத்தது. கம்பெனி ஊராட்சிக்கு மொத்த விலையில் மின்சாரம் விற்கவும் மறுத்தது. வேறிடத்தில் வாங்கும் மின்சாரத்தைத் தன் கம்பியில் அனுப்பவும் மறுத்தது. வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை போய், 1973-இல் நான்குக்கு மூன்று என்ற கணக்கில், அது ஏகபோகத் தடைச் சட்டத்தை மீறிய செயல் என்று தீர்ந்தது. கம்பி வைத்திருப்பவர் கதவைப் பூட்டிக்கொள்ள முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்காரர்கள் சங்கம் ஒன்று கூடி, "எங்களுக்கு வேறொருவரிடமிருந்து மின்சாரம் வேண்டும், தெனாகா தன் கம்பியைப் பயன்படுத்த விடட்டும்" என்று இந்த வழிகளில் வழக்குப் போட முடியுமா? முடியாது என்றே சொல்வேன். முதலாவது, இங்கே ஒரு பகுதிக்கு யார் என்பதை உரிமம் தீர்மானிக்கிறது. புதிதாக ஒருவருக்குக் கொடுப்பதா என்பது ஆணையமும் அமைச்சரும் எடுக்கும் முடிவு. இரண்டாவது, நம்முடைய 2010 போட்டிச் சட்டம் எரிசக்தி ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் நடவடிக்கைகளைத் தன் வரம்பிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறது. ஆட்டர் டெய்ல் பாணி வழக்கை எடுத்துக்கொண்டு போட்டி ஆணையத்தின் கதவைத் தட்டினால், "பக்கத்துக் கதவு" என்பார்கள். பக்கத்துக் கதவு எரிசக்தி ஆணையம். போட்டியை வளர்ப்பது அதன் கடமைகளில் ஒன்று என்று அதன் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் வளர்த்தாக வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் அதைக் கட்டாயப்படுத்துவது வேறு விஷயம்.

கதவு கொஞ்சம் திறக்கப் பார்த்ததும் உண்டு. 2019-இல் இயோ பீ யின் அமைச்சராக இருந்தபோது, மெசி 2.0 என்ற சீர்திருத்தத் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது. சில்லறை விற்பனையைப் படிப்படியாகத் திறப்பது, கம்பியைப் பிறர் பயன்படுத்த விடுவது இரண்டும் அதில் இருந்தன. 2020-இல் ஆட்சி மாறியது, திட்டம் மறுபரிசீலனைக்குப் போனது. பிறகு 2024 செப்டம்பரில் கிரெஸ் என்ற திட்டம் வந்தது: சோலார் போன்ற புதுப்பிக்கத்தக்க மின்சாரம் தயாரிப்பவர், தெனாகாவின் கம்பி வழியாகப் பெரிய நிறுவனங்களுக்கு நேரடியாக விற்கலாம், கம்பிக்கு ஒரு கட்டணம் கட்ட வேண்டும். டேட்டா சென்டர்களை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. டியூஷன் சென்டர்களுக்கு அதில் இடமில்லை.

கம்பிக்கென்று தனி விலை இருக்கிறது என்பதை இப்போது உங்கள் வீட்டு பில்லிலேயே பார்க்கலாம். 2025 ஜூலை 1 முதல் தெனாகா பில்லைப் பிரித்துக் காட்டுகிறது. மாதம் 1,500 யூனிட்டுக்குள் வரும் வீடுகளுக்கு மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 27.03 சென், உற்பத்தித் திறனுக்கு 4.55, கம்பி வலையமைப்புக்கு 12.85, அதன் மேல் சில்லறைச் சேவைக்கு மாதம் 10 ரிங்கிட், அதுவும் 600 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தள்ளுபடி. இந்தப் பிரிப்பை வெறும் அலங்காரம் என்று நான் நினைக்கவில்லை. என்றைக்காவது இன்னொருவர் மின்சாரத்தை விற்கவும், தெனாகா கம்பிக்கு மட்டும் காசு வாங்கவும் வழி வந்தால், அதற்கு வேண்டிய கணக்கு இப்போதே பில்லில் தயாராக இருக்கிறது.

இனி தம்பிக்கு.

முதலாளியிடம் வாய்ச் சண்டை வேண்டாம். கடிதமாக, இல்லையென்றால் வாட்ஸாப்பிலாவது, மூன்று விஷயம் கேளுங்கள்: விநியோக உரிமத்தின் நகல், கடைசி மூன்று மாதத் தெனாகா பில், உங்கள் மாடி மீட்டரின் அளவுக் கணக்கு. உரிமம் இருந்தால் காட்டுவதில் அவருக்கு ஒரு சிரமமும் இல்லை. காட்டாவிட்டால் அந்த மௌனமே உங்கள் கோப்பில் முதல் தாள். பிறகு வாடகை ஒப்பந்தத்தை எடுத்து மின்சாரம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘தெனாகா கட்டணப்படி’ என்றிருந்தால் 70 சென் அங்கேயே விழுந்துவிடும். ஒப்பந்தமே 70 சென் என்று சொன்னாலும் கதை முடியவில்லை. சட்டம் தடுத்த ஒன்றை நோக்கமாகக் கொண்ட ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு. உரிமமில்லாத மின் விற்பனை அந்தக் கூட்டில் அடங்கும் என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது.

அதற்காக ஒரு சென்னும் கட்டாமல் உட்கார்ந்துவிடாதீர்கள். இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். செல்லாத ஒப்பந்தத்தின் கீழ் பெற்ற பலனைத் திருப்பித் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 66-ஆம் பிரிவு சொல்கிறது. மின்சாரத்தைத் திருப்பித் தர முடியாது, அதன் நியாயமான விலையைத்தான் தர முடியும். ஆகவே கட்டடத்தின் தெனாகா பில்லில் ஒரு யூனிட்டுக்கு என்ன விழுகிறதோ அதை உங்கள் யூனிட்டுகளால் பெருக்கி, மாதாமாதம் தவறாமல் கட்டுங்கள். லிஃப்ட், மாடிப்படி விளக்கு போன்ற பொதுச் செலவில் உங்கள் பங்கு ஒப்பந்தத்தில் இருந்தால் அதையும் தனியாகக் கட்டுங்கள். மிச்சத்தைத்தான் மறுக்கிறீர்கள் என்பதை எழுத்தில் வையுங்கள்.

கரண்டை வெட்டிவிடுவேன் என்று மிரட்டினால்? வெட்டும் அதிகாரமும் சட்டத்திலிருந்துதான் வருகிறது. 38-ஆம் பிரிவு, மீட்டரில் கைவைத்ததற்கான ஆதாரம் கிடைத்தால் முன்னறிவிப்புக் கொடுத்து வெட்டும் அதிகாரத்தை உரிமம் பெற்றவருக்குக் கொடுக்கிறது. அந்த அதிகாரத்தைத் தெனாகாவே எப்படிப் பயன்படுத்தலாம் என்பது பற்றி எத்தனையோ வழக்குகள் நடந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று, தெக்காலி என்ற நிறுவனத்துக்கும் தெனாகாவுக்கும் நடந்த வழக்கு, மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. உரிமமே இல்லாத முதலாளிக்கு அந்தப் பிரிவில் ஒரு நூல் இடம்கூட இல்லை. வாடகைதாரரை வெளியேற்ற நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்று 1950-ஆம் ஆண்டின் ‘ஸ்பெசிஃபிக் ரிலீஃப்’ சட்டத்தின் 7-ஆம் பிரிவு சொல்லும்போது, சுவிட்சை அணைத்து அதே காரியத்தைச் சாதிக்கப் பார்ப்பதை நீதிபதிகள் ரசிக்க மாட்டார்கள். வெட்டினால் அன்றைக்கே படம் எடுத்து, போலீஸில் ஒரு புகார் போட்டு, வக்கீலிடம் போய் இடைக்காலத் தடையுத்தரவு பற்றிக் கேளுங்கள். கொண்டோவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தால் நிர்வாகக் குழு அக்செஸ் கார்டை முடக்கலாம், பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்று அடுக்குமாடிக் குடியிருப்பு விதிகள் சொல்கின்றன. மின்சாரத்தை வெட்டலாம் என்று அந்த விதியில் இல்லை.

தெனாகாவிடம் தனிக் கணக்கு கேட்பதைப் பொறுத்தவரை, கேட்டால் கொடுக்க வேண்டிய கடமை 24-ஆம் பிரிவில் இருக்கிறது, விதிவிலக்குகளோடு. உங்கள் கட்டடத்தில் தடை சட்டமல்ல, வயரிங். மொத்த மீட்டருக்குப் பின்னால் இருக்கும் கேபிள், சுவிட்ச்போர்டு எல்லாம் முதலாளியின் சொத்து. உங்கள் மாடிக்குத் தனிக் கேபிள் இழுக்க அவர் சம்மதம் வேண்டும், அதற்கான செலவும் இருக்கும். ஒரு லைசென்ஸ் பெற்ற மின் ஒப்பந்ததாரரை அழைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது இதை நிபந்தனையாக வைப்பது சண்டையைவிட மலிவு. இதற்கிடையில் எரிசக்தி ஆணையத்திடம் புகார் எழுதலாம். பில் நகல்கள், மீட்டரின் படம், முதலாளிக்கு நீங்கள் எழுதியது, அவர் சொன்ன பதில் எல்லாவற்றையும் இணையுங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தை நம்பிப் போக வேண்டாம். அது சொந்த உபயோகத்துக்கு வாங்குபவர்களுக்கானது, நீங்கள் தொழில் நடத்துகிறீர்கள்.

ஜெலுத்தோங் அண்ணனுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தன் கூரையில் தயாரித்துத் தானே உபயோகிப்பது ஒன்று. வேலிக்கு மேல் வயர் போட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது வேறு. இரண்டாவது 9-ஆம் பிரிவில் நேராக மாட்டும், காசு வாங்காவிட்டாலும் மாட்டும். பாதுகாப்பு வேறு இருக்கிறது: தெனாகா சப்ளை நின்றிருக்கும்போது பக்கத்து வீட்டு வயரில் மட்டும் உயிர் இருந்தால், கம்பத்தில் ஏறுகிறவருக்கு ஆபத்து. மிஞ்சுவதை வெளியே அனுப்பச் சட்டம் விட்டுவைத்திருக்கும் ஒரே வழி தெனாகாவின் கம்பி. அவர் எந்தத் திட்டத்தில் பதிந்தாரோ அதன்படி பில்லில் கழித்துக்கொள்வார்கள். வாசலில் மின்கார் சார்ஜர் வைத்துப் பிறர் வண்டிக்குக் காசுக்கு ஏற்றிவிடலாமா என்றும் கேட்டிருந்தாராம். பொதுமக்களுக்குச் சார்ஜ் விற்கவும் ஆணையத்தின் உரிமம் வேண்டும். தன் சொந்த வண்டிக்கு ஏற்றிக்கொள்வதை யாரும் கேட்கப் போவதில்லை.